இந்தப் பள்ளம் யார் கணக்கில் வரும்?

எங்கள் ஊரில் பழைய பஸ் ஸ்டாண்டைத் தாண்டி ரோடு பைபாஸில் போய்ச் சேரும் இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. மழைக்காலத்தில் தண்ணீர் நின்றுவிட்டால் எவ்வளவு ஆழம் என்றே தெரியாது, வெயில் காலத்தில் ஜல்லி பெயர்ந்து வண்டி சறுக்கும். போன ஐப்பசியில் ஒரு பெரியவர் மொபெட்டோடு விழுந்து முட்டியில் நல்ல அடி. அதற்கு அப்புறம்தான் நானும் அங்கே டீக்கடை வைத்திருக்கும் அண்ணனும் ஒரு மனு எழுதி எடுத்துக்கொண்டு கிளம்பினோம். முதலில் போன அலுவலகத்தில் “அது எங்க லிமிட்ல வராது சார்” என்றார்கள். இரண்டாவது இடத்தில் “அந்த ரோடு இன்னும் எங்க கைக்கு வரல” என்றார்கள். மூன்றாவது இடத்தில், ஃபேனுக்கு நேராக உட்கார்ந்திருந்தவர் மனுவை வாங்கிப் படித்துவிட்டு, “பைபாஸ் போட்டாச்சுல்ல, அதோட அந்தப் பழைய ரோடு எங்களுக்கு முடிஞ்சு போச்சு” என்று திருப்பிக் கொடுத்தார். யாரும் கோபப்படவில்லை, யாரும் பொய் சொல்லவும் இல்லை. அதுதான் இதில் வேடிக்கை.

பள்ளத்துக்குப் பத்தடி தள்ளி ஒரு கிலோமீட்டர் கல் நிற்கிறது. தலை மஞ்சள், உடம்பு வெள்ளை. மேல்மேலே தார் போட்டுப் போட்டு ரோடு உயர்ந்ததில் கல்லின் கீழ்ப்பாதி மண்ணுக்குள் போய்விட்டது. ஊர்ப்பெயர் தெரிகிறது, எத்தனை கிலோமீட்டர் என்பது தெரியவில்லை. மஞ்சள் தலை என்றால் தேசிய நெடுஞ்சாலை. பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, நீலமோ கறுப்போ என்றால் மாவட்டச் சாலை, ஆரஞ்சு என்றால் பிரதமர் திட்டத்தில் போட்ட கிராமச் சாலை. இந்த வகைப்பாட்டுக்கு அடிப்படை 1943-இல் நாக்பூரில் தலைமைப் பொறியாளர்கள் கூடிப் போட்ட திட்டம். தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை, மாவட்டப் பெரிய சாலை, இதர மாவட்டச் சாலை, கிராமச் சாலை என்று அவர்கள் பிரித்ததைத்தான் எண்பது வருஷம் கழித்தும் அலுவலகக் கோப்புகளில் எழுதிக்கொண்டிருக்கிறோம். தமிழ்நாட்டில் மாநில நெடுஞ்சாலையும் இரண்டு வகை மாவட்டச் சாலையும் நெடுஞ்சாலைத் துறையிடம், அதற்குக் கீழே உள்ளவை ஊராட்சிகளிடமும் ஊராட்சி ஒன்றியங்களிடமும், நகரத்துக்குள் என்றால் நகராட்சி அல்லது மாநகராட்சியிடம். அதிலும் விதிவிலக்கு உண்டு: சென்னையில் அண்ணா சாலை மாநகராட்சியுடையது இல்லை, நெடுஞ்சாலைத் துறையுடையது.

(இந்தக் கட்டுரையில் ‘மத்திய அரசு’ என்றே எழுதுகிறேன். ‘ஒன்றிய அரசு’ என்று எழுதலாம், அதுதான் அரசியல் சட்டச் சொல்லுக்கு நெருக்கம், ஆனால் ரோட்டைப் பற்றி எழுதும்போது அது ஆகாது. எங்கள் பக்கம் ‘ஒன்றியச் சாலை’ என்றால் டெல்லிச் சாலை இல்லை, பி.டி.ஓ. ஆபீஸ் போடும் சாலை.)

சரி, எந்த ரோடு மத்திய அரசுடையது, எது மாநிலத்துடையது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையைத் திறந்தால், மாநிலப் பட்டியலின் 13-ஆவது இனத்தில் சாலை, பாலம் எல்லாம் வருகிறது. அதாவது ஒன்றும் சொல்லாமல் விட்டால் ரோடு மாநிலத்துடையது. ஒன்றியப் பட்டியலின் 23-ஆவது இனம் ஒரே வரி: நாடாளுமன்றச் சட்டத்தால், அல்லது அந்தச் சட்டத்தின் கீழ், தேசிய நெடுஞ்சாலை என்று அறிவிக்கப்பட்டவை. எந்த ரோடு, எவ்வளவு அகலம், எந்த ஊரையும் எந்த ஊரையும் இணைத்தால் என்று ஒரு வரையறையும் கிடையாது. அறிவித்தால் தேசிய நெடுஞ்சாலை, அவ்வளவுதான். அந்த அறிவிப்புக்கான சட்டம்தான் 1956-இன் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம். அதன் 2-ஆவது பிரிவின்படி மத்திய அரசு அரசிதழில் ஓர் அறிவிப்பு போட்டால் போதும், ஒவ்வொரு ரோட்டுக்கும் நாடாளுமன்றத்துக்குப் போக வேண்டியதில்லை. அதே பிரிவின் கீழ் பட்டியலிலிருந்து ஒரு சாலையை நீக்கவும் முடியும். 4-ஆவது பிரிவு, அறிவித்த சாலை மத்திய அரசுக்கு உரிமையாகிவிடும் என்கிறது. 5-ஆவது பிரிவு, அதைப் பராமரிக்கும் பொறுப்பும் மத்திய அரசுக்குத்தான் என்று சொல்லிவிட்டு, கூடவே, வேண்டுமானால் அந்த வேலையை மாநில அரசிடம் ஒப்படைக்கலாம் என்கிறது. இந்த ‘ஒப்படைக்கலாம்’ என்ற இடத்தில்தான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

அறிவிக்கும் அதிகாரம் எவ்வளவு தூரம் போகும் என்று ஒரு பெரிய வழக்கு நடந்தது, அதுவும் நம் ஊர் வழக்கு. சேலம்–சென்னை எட்டுவழிச்சாலை நினைவிருக்கும்: 277 கிலோமீட்டர், பத்தாயிரம் கோடி ரூபாய்த் திட்டம், 2018-இல் வயல்களில் அளவுக்கல் நட்டதும் விவசாயிகள் அதைப் பிடுங்கிப் போட்டதும் போலீஸ் வந்ததும். 2019 ஏப்ரல் 8-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் நிலம் எடுக்கும் அறிவிப்பை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது எழுந்த கேள்விகளில் எனக்குப் பிடித்தது இது: ஏற்கெனவே இருக்கும் ரோட்டைத்தானே தேசிய நெடுஞ்சாலை என்று அறிவிக்க முடியும்? ரோடே இல்லாத இடத்தில், நெல்வயலையும் கிணற்றையும் பார்த்து ‘இது தேசிய நெடுஞ்சாலை’ என்று சொல்வது எப்படி, புதுசாக ரோடு போடுவது மாநிலப் பட்டியலில் அல்லவா வருகிறது? 2020 டிசம்பர் 8-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. ரோடு இல்லாத இடத்திலும் புதிதாக அமைக்கப்போகும் சாலையை அப்படி அறிவிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. என்னைப் பொறுத்தவரை, அந்த ஒரு வரி இனத்துக்கு இவ்வளவு நீளக் கை இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் பலருக்கும் தெரிந்தது.

ஆனால் ‘டெல்லி பிடுங்கிக்கொள்கிறது’ என்று மட்டும் இதைச் சொன்னால் அது பாதிக் கதை. 2014-இல் நாட்டில் தேசிய நெடுஞ்சாலையின் நீளம் 91 ஆயிரம் கிலோமீட்டரைச் சுற்றி இருந்தது, இப்போது 1 லட்சத்து 46 ஆயிரத்துக்கு மேல். இத்தனையும் புதிதாகப் போட்ட ரோடு இல்லை, நிறைய மாநில நெடுஞ்சாலைகள் பெயர் மாறியவை. பெயர் மாற்றச் சொல்லிக் கேட்டது யார் என்று பார்த்தால் பெரும்பாலும் மாநிலங்களே. சட்டசபையில் எழுந்து “என் தொகுதி வழியாகச் செல்லும் இந்தச் சாலையைத் தேசிய நெடுஞ்சாலையாகத் தரம் உயர்த்த வேண்டும்” என்று கேட்காத எம்.எல்.ஏ. உண்டா? ‘தரம் உயர்த்துவது’ என்றே சொல்கிறோம். பராமரிப்புச் செலவு மாநிலக் கணக்கிலிருந்து இறங்கிவிடும், அகலப்படுத்த டெல்லிப் பணம் வரும், திறப்பு விழா நடக்கும். நாலு வருஷம் கழித்து அதே ரோட்டில் டோல்கேட் வரும்போதுதான், சாவி கைமாறிவிட்டது என்பது உறைக்கிறது.

டோல்கேட் விஷயத்தில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஓ.எம்.ஆர். என்கிற ராஜீவ் காந்தி சாலை மாநிலத்துடையது. அங்கே சுங்கம் வசூலிக்க வேண்டாம் என்று தமிழ்நாடு அரசு முடிவு செய்தது. பெருங்குடி உட்பட நான்கு சாவடிகள் 2021 ஆகஸ்ட் கடைசியில் நின்றன, நாவலூர் 2023 அக்டோபரில் நின்றது. யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அதே அரசு, தேசிய நெடுஞ்சாலையான ஜி.எஸ்.டி. ரோட்டில் செங்கல்பட்டுக்கு முன்னால் இருக்கும் பரனூர் சாவடியை மூட வேண்டும் என்றால் டெல்லிக்குக் கடிதம்தான் எழுத முடியும். அமைச்சர்கள் எழுதினார்கள், நேரில் போய் மனுவும் கொடுத்தார்கள், கிட்டத்தட்ட நானும் டீக்கடை அண்ணனும் போன மாதிரிதான். இதில் ஒரு நுணுக்கம் வேறு. மாநிலப் பட்டியலின் 59-ஆவது இனம் ‘சுங்கம்’. அப்படியானால் டோல் மாநிலத்துக்குத்தானே சேர வேண்டும் என்று தோன்றும். ஆனால் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 7-ஆவது பிரிவு அதைச் சுங்கம் என்று சொல்லவில்லை, சேவைக்கான ‘கட்டணம்’ என்கிறது. நாம் சுங்கச்சாவடி என்று எழுதினாலும் ரசீதில் இருப்பது பயன்பாட்டுக் கட்டணம். அந்தக் கட்டணத்தில் மாநிலத்துக்குப் பங்கு கிடையாது. கட்டணத்தை எப்படிக் கணக்கிடுவது, ஒரு சாவடிக்கும் அடுத்ததற்கும் 60 கிலோமீட்டர் இடைவெளி, நகராட்சி எல்லையிலிருந்து 10 கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பதெல்லாம் மத்திய அரசின் 2008 விதிகளில் வருகிறது. அந்த விதிகளிலேயே, காரணத்தை எழுத்தில் பதிவு செய்துவிட்டு மீறவும் வழி இருக்கிறது.

இப்போது அந்த ‘ஒப்படைக்கலாம்’ விஷயம். தேசிய நெடுஞ்சாலை என்றாலே தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையம் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆணையத்துக்கான சட்டம் வந்ததே 1988-இல்தான், அது வேலை தொடங்கியது 1995-இல். அதற்கு முன்பு தேசிய நெடுஞ்சாலை முழுக்க மாநிலப் பொறியாளர்கள் கையில்தான் இருந்தது. இன்றைக்கும் ஆணையத்திடம் போகாத தேசிய நெடுஞ்சாலைகள் அப்படித்தான். தமிழ்நாடு நெடுஞ்சாலைத் துறைக்குள்ளேயே ‘தேசிய நெடுஞ்சாலை அலகு’ என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதில் உட்கார்ந்திருக்கும் கோட்டப் பொறியாளர், உதவிப் பொறியாளர் எல்லாரும் மாநில அரசு ஊழியர்கள், சம்பளம் மாநிலக் கருவூலத்தில். ஆனால் அவர்கள் பார்க்கும் ரோடு மத்திய அரசுடையது, மதிப்பீடு போட்டு அனுப்பினால் அனுமதி மத்திய அமைச்சகத்திலிருந்து வர வேண்டும், பணமும் அங்கிருந்துதான். ரோட்டில் பள்ளம் விழுந்தால் ஜனங்கள் போய் நிற்பது இவர்கள் வாசலில். “எஸ்டிமேட் போயிருக்கு, சாங்ஷன் வரல” என்று அவர்கள் சொல்லும்போது நமக்கு எரிச்சலாக இருக்கும், ஆனால் பல நேரம் அது உண்மை. அதே அலுவலக வளாகத்தில் பக்கத்து அறையில் இருக்கும் கட்டுமானம் மற்றும் பராமரிப்பு அலகின் பொறியாளருக்கு மாநில நிதி இருக்கும், தார் இருக்கும், ஆள் இருப்பார்கள், ஆனால் அவர் இந்தப் பள்ளத்தில் ஒரு சட்டி ஜல்லி போட்டாலும் தணிக்கையில் மாட்டிக்கொள்வார்.

ஆணையம் எடுத்துச் செய்யும் சாலையில் மாநிலத்துக்கு வேலை இல்லை என்று நினைத்தால் அதுவும் தப்பு. நிலம் எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 1956 சட்டத்தில் 1997-இல் சேர்த்த 3ஏ முதல் 3ஜே வரையான பிரிவுகள்தான் அதற்கு. அறிவிப்பு மத்திய அரசின் பெயரில் வரும். ஆட்சேபனையைக் கேட்பதும், இழப்பீட்டை நிர்ணயிப்பதும் ‘தகுதிவாய்ந்த அதிகாரி’, அவர் யார் என்றால் பெரும்பாலும் மாநில வருவாய்த்துறையின் டி.ஆர்.ஓ. கிராமத்துக்குள் வந்து அளப்பது சர்வேயர், கூட நிற்பது வி.ஏ.ஓ., தகராறு என்றால் வருவது மாநிலப் போலீஸ். எட்டுவழிச்சாலையில் ஜனங்கள் முதலில் சண்டை போட்டது தங்களுக்குத் தெரிந்த முகங்களோடுதான். திட்டம் டெல்லியுடையது, திட்டு தாசில்தாருக்கு.

அப்புறம் மண் வேண்டும். ரோட்டை உயர்த்த ஏரி மண்ணோ கிராவலோ எடுக்க வேண்டும் என்றால் அந்தக் கனிமத்துக்கு அனுமதி மாநிலத்திடம். மரம் வெட்ட, மின்கம்பம் மாற்ற, குடிநீர்க் குழாயை நகர்த்த, ஆற்றைக் கடக்க, எல்லாவற்றுக்கும் மாநிலத்தின் ஏதோ ஓர் அலுவலகத்தில் கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்து கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கூவம் ஆற்றில் பார்த்தோம். சென்னைத் துறைமுகம்–மதுரவாயல் பறக்கும் சாலைக்கு 2009 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அடிக்கல் நாட்டும்போது மத்தியில் இருந்த கூட்டணியில் மாநில ஆளுங்கட்சியும் இருந்தது. 2011-இல் மாநில ஆட்சி மாறியது, 2012-இல் கூவத்துக்குள் தூண் போட்டு நீரோட்டத்தைத் தடுக்கிறார்கள் என்று மாநில அரசு வேலையை நிறுத்தியது. ஆற்றின் பாதுகாவலர் மாநிலம், அந்தக் காரணத்தை ஒதுக்கித் தள்ளிவிட முடியாது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு கேட்டால் இன்னும் கனமாகவே ஒலிக்கிறது. அதே சமயம் அரசியல் இல்லை என்று சொன்னால் கூவமே சிரிக்கும். 2014-இல் உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது, மாநிலம் உச்ச நீதிமன்றம் போனது. சிந்தாதிரிப்பேட்டை, சேத்துப்பட்டுப் பக்கம் ரயிலில் போகிறவர்கள், தலையில் கம்பி நீட்டிக்கொண்டு, மேலே ஒன்றும் இல்லாமல் ஆற்றோரம் நின்ற அந்தத் தூண்களைப் பத்து வருஷம் பார்த்திருப்பார்கள். 2022 மே மாதம் அதே சாலைக்கு, இப்போது இரண்டடுக்காக, 5,800 கோடிக்கு மேல் மதிப்பில், இரண்டாவது தடவை அடிக்கல் நாட்டப்பட்டது.

கேரளத்தில் இது வேறு மாதிரி போனது. அங்கே நிலத்தின் விலை அதிகம், ஊரும் ஊரும் ஒட்டிக் கிடக்கிறது, தேசிய நெடுஞ்சாலை 66-ஐ ஆறுவழியாக்க நிலத்துக்கே பெரும்பணம் ஆகும் என்று வேலை வருஷக்கணக்கில் இழுத்தது. கடைசியில் நிலம் எடுக்கும் செலவில் 25 சதவீதத்தை மாநிலமே தருகிறது என்று ஒப்புக்கொண்டார்கள். மத்திய அரசின் ரோட்டுக்கு மாநிலம் காசு கொடுத்தது. பணம் கொடுத்ததால் கேரள அரசு அதைத் தன் சாதனையாகவும் போஸ்டர் அடித்தது. 2025 மே 19-ஆம் தேதி மலப்புறம் மாவட்டம் கூரியாட்டில் கட்டிக்கொண்டிருந்த சாலை சரிந்து விழுந்ததும், “எங்களுக்கு அதில் பொறுப்பில்லை, வடிவமைப்பும் மேற்பார்வையும் ஆணையத்துடையது” என்றது அதே மாநில அரசு. சட்டப்படி அது சரிதான். போஸ்டரைத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை.

ரோட்டுக்குப் பெயர் என்ன என்பது வெறும் கல்லில் அடிக்கும் பெயிண்ட் இல்லை என்பதை நாடே ஒரு தடவை பார்த்தது. 2016 டிசம்பர் 15-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை இருக்கக்கூடாது என்றது. 2017 ஏப்ரல் 1 முதல் அமல். தமிழ்நாட்டில் மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன. வழக்கின் வேரே இங்கேதான், பா.ம.க. வழக்கறிஞர் பாலு போட்ட வழக்கு. உத்தரவு வந்ததும் மாநிலங்கள் என்ன செய்தன தெரியுமா? கடையை நகர்த்துவதைவிட ரோட்டின் பெயரை நகர்த்துவது சுலபம் என்று கண்டுபிடித்தன. சண்டிகர் தன் நகரச் சாலைகளின் மாநில நெடுஞ்சாலைத் தகுதியை எடுத்துவிட்டு மாவட்டப் பெரிய சாலை என்று மாற்றியது. இங்கேயும் ஊர்களுக்குள் போகும் மாநில நெடுஞ்சாலையை உள்ளாட்சிச் சாலையாக்கும் முயற்சி நடந்து உயர் நீதிமன்றம் வரை போனது. ரோடு அப்படியே இருக்கிறது, கடை அப்படியே இருக்கிறது, நடுவில் ஒரு அரசாணை. கவனிக்க வேண்டியது ஒன்று: மாநில நெடுஞ்சாலையைத்தான் மாநிலத்தால் இப்படி இறக்க முடிந்தது. தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய கடைக்கு அந்த மந்திரம் பலிக்காது, அதற்கு மத்திய அரசின் அரசிதழ் வேண்டும். அந்த ஆண்டு ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் இருக்கும் உரிமம் பெற்ற கடைகளை அந்த உத்தரவு தடுக்காது என்று உச்ச நீதிமன்றமே விளக்கம் சொன்னது.

ரோட்டுக்கும் சாராயத்துக்கும் அமெரிக்காவிலும் இப்படி ஓர் உறவு உண்டு, ஆனால் தலைகீழாக. நம் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் வந்த அதே 1956-இல்தான் அங்கே மாநிலங்களுக்கு இடையிலான பெருஞ்சாலைகளுக்கான சட்டமும் வந்தது. செலவில் 90 சதவீதம் கூட்டாட்சி அரசு, 10 சதவீதம் மாநிலம், ஆனால் ரோடு மாநிலத்துடையது, பராமரிப்பதும் மாநிலம். நாம் உரிமையை டெல்லிக்குக் கொடுத்து வேலையை மாநிலத்துக்கு விட்டோம், அவர்கள் உரிமையை மாநிலத்திடம் விட்டுவிட்டுப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டார்கள். பணத்தைப் பிடித்தால் போதும் என்பது 1984-இல் தெரிந்தது: குடிக்கும் வயதை 21 ஆக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பகுதியைக் கொடுக்க மாட்டோம் என்று சட்டம் போட்டார்கள். தெற்கு டகோட்டா வழக்குப் போட்டு 1987-இல் தோற்றது.

பணம் என்று வந்தபின் நம் பெட்ரோல் பில்லைப் பார்க்காமல் முடியாது, உண்மையில் இதுதான் எனக்கு ஆற்றாமை உள்ள இடம். 1929-இலேயே, வெள்ளைக்காரன் காலத்தில், பெட்ரோல் வரியில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து ரோட்டுக்கு ஒதுக்க மத்தியச் சாலை நிதி தொடங்கப்பட்டது. 2000-இல் அதற்குத் தனிச் சட்டம், 2018-இல் அதன் பெயரில் ‘உள்கட்டமைப்பு’ சேர்ந்தது. இதற்கான வரியின் பெயர் செஸ். செஸ்ஸுக்கும் சாதாரண வரிக்கும் என்ன வித்தியாசம் என்றால், மத்திய அரசு வசூலிக்கும் வரியில் மாநிலங்களுக்கு 41 சதவீதம் பங்கு உண்டு, செஸ்ஸில் கிடையாது. 2021 பிப்ரவரி கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு மத்திய அரசின் வரி மொத்தம் 32 ரூபாய் 90 காசு. அதில் எல்லா மாநிலங்களோடும் பங்கு போடவேண்டிய அடிப்படைக் கலால் வரி 1 ரூபாய் 40 காசு. சாலை மற்றும் உள்கட்டமைப்புச் செஸ் மட்டும் 18 ரூபாய். அப்புறம் விகிதங்கள் குறைந்தன, ஆனாலும் அமைப்பு மாறவில்லை. செஸ் நிதியில் ஒரு பகுதி மாநிலச் சாலைகளுக்கும் வரும்தான், ஆனால் எந்த ரோட்டுக்கு என்று பட்டியல் அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும். பங்காக வந்திருந்தால் மாநிலம் தன் இஷ்டப்படி செலவழித்திருக்கும், மானியமாக வருவதால் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. மாநிலமும் சும்மா இல்லை, அதன் பங்குக்கு அதே லிட்டரில் வாட் போடுகிறது, வண்டி வாங்கும்போது சாலை வரி வாங்குகிறது, அந்தச் சாலை வரி ரோட்டுக்கே போக வேண்டும் என்று கட்டாயமும் இல்லை.

கிராமச் சாலையில் இந்தப் பங்கீடு எப்படி நகர்ந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2000 டிசம்பர் 25-இல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் முதலில் முழுக்க மத்தியப் பணம். 2015-16 முதல் 60:40, நாற்பது மாநிலத்துக்கு. பராமரிப்பு ஆரம்பத்திலிருந்தே மாநிலத்தின் தலையில்தான். ஆரஞ்சுக் கல்லும் பிரதமர் பெயர்ப் பலகையும் நிற்கும், ஐந்து வருஷம் கழித்துத் தார் பெயர்ந்தால் மாநிலம் பார்க்க வேண்டும்.

இந்தப் பங்கீட்டை இன்னும் கண்கூடாகப் பார்க்க வேண்டுமானால் ரயில்வே மேம்பாலத்துக்குப் போங்கள். தண்டவாளத்துக்கு மேலே வரும் நடுப்பகுதி ரயில்வே கட்டும், இரண்டு பக்கமும் ஏறி இறங்கும் சரிவு மாநில நெடுஞ்சாலைத் துறை கட்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முடித்தால் நல்லது. முடிக்காத ஊர்களில், தண்டவாளத்துக்கு மேலே பாலம் தயாராக நிற்கும், ஏறுவதற்கு வழி இருக்காது. நிலம் எடுப்பதில் நாலு வீட்டுக்காரர்கள் வழக்குப் போட்டிருப்பார்கள். கீழே கேட் போட்டிருக்கும், பஸ்ஸும் ஆம்புலன்ஸும் நிற்கும், நிற்கிறவர்கள் எல்லாரும் தலையைத் தூக்கி அந்த நடுத்துண்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சரி, எங்கள் பள்ளத்துக்கு வருகிறேன். ஊருக்குள் வந்த தேசிய நெடுஞ்சாலைக்குப் பைபாஸ் போட்டார்கள். பைபாஸ் திறந்தபின், ஊருக்குள் மிஞ்சிய பழைய துண்டைத் தேசிய நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து நீக்கி மாநிலத்திடம் கொடுத்துவிட வேண்டும் என்பது நடைமுறை. ஆனால் மாநிலம் கிழிந்த சட்டையை வாங்கிக்கொள்ளாது. ஒரு தடவை நன்றாகச் சீரமைத்துக் கொடு, அப்புறம் எடுத்துக்கொள்கிறோம் என்னும். அந்த ‘ஒருமுறைச் சீரமைப்பு’க்கு மதிப்பீடு, அனுமதி, டெண்டர். பிறகு கூட்டு ஆய்வு. பிறகு அரசிதழ். பைபாஸில் வண்டி ஓடத் தொடங்கிய நாளுக்கும் அந்த அரசிதழ் நாளுக்கும் நடுவில் பழைய ரோடு சட்டப்படி ஒருவருடையது, மனசளவில் யாருடையதும் இல்லை. எங்கள் பள்ளம் பிறந்ததும் வளர்ந்ததும் அந்த இடைவெளியில்தான். நாங்கள் பார்த்த மூன்று பேரும் தத்தம் கோப்பில் உள்ளதைச் சொன்னார்கள். கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நாங்கள்தான் கேட்கவில்லை: “கைமாற்றக் கோப்பு இப்போது யார் மேசையில் இருக்கிறது?”

அதை நாலாவது தடவை போனபோது கேட்டோம். ஃபேனுக்கு நேராக உட்கார்ந்திருந்தவர் இந்தத் தடவை நிமிர்ந்து பார்த்தார், ஒரு எண்ணும் தேதியும் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை டீக்கடை அண்ணன் கல்லாப்பெட்டியில் வைத்திருக்கிறார். போன வாரம் அந்தப் பக்கம் போனேன். கிலோமீட்டர் கல்லின் தலையில் யாரோ பச்சை அடித்திருக்கிறார்கள், ஒரே பூச்சுத்தான், ஓரத்தில் மஞ்சள் தெரிகிறது. பள்ளத்தில் அண்ணன் கொட்டிய செங்கல் கட்டி கிடக்கிறது, நடுவில் ஒரு வேப்பங்கிளையை நட்டிருக்கிறார். “கல்லு பச்சையாயிடுச்சு, இனி நம்ம ஸ்டேட் ஹைவேஸ் ஏ.டி.இ. ஆபீஸ்தான், புதுசா ஒரு மனு எழுதுங்க” என்றார்.